மூடி உட்காராமல் இனி வேலை முடியாது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். மேல்நிலைத் தொட்டியோ சம்ப்போ கழுவ வந்தால், மூடி சரியாக உட்காராதவரை இனி வேலை முடிந்ததாகக் கணக்கு எழுத மாட்டோம். "கழுவத்தானே கூப்பிட்டேன், மூடிக்கு எதற்குத் தனிக் காசு?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

போன வருஷம் சென்னையில் ஒரு வீட்டில் தொட்டி கழுவினோம். மூடி விளிம்பில் உடைந்திருந்தது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு தகரத்தைப் போட்டு, மேலே செங்கல் வைத்துவிட்டு வந்துவிட்டோம். மூன்று வாரம் கழித்து கொசு ஒழிப்புப் பணியாளர் மாடியேறி, டார்ச் அடித்துப் பார்த்து, அகப்பையில் ஒரு அள்ளு அள்ளினார். ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்தன. நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வந்தது, எங்களுக்கு இல்லை. அவர் எங்களைத் திட்டியதில் தப்பே கிடையாது.

1939இல் மதராஸ் மாகாணத்தில் வந்த பொது சுகாதாரச் சட்டம், தமிழ்நாட்டில் இன்றும் நடப்பில் இருக்கிறது. கொசு பெருகும்படி தண்ணீர் கிடந்தால், இடத்தின் சொந்தக்காரரோ குடியிருப்பவரோதான் பொறுப்பு. உள்ளாட்சியின் சுகாதார அலுவலர் கெடு வைத்து எழுத்தில் சொல்லலாம். கேட்காவிட்டால் அவர்களே ஆள் விட்டுச் செய்துவிட்டு, செலவை நம்மிடம் வசூலிக்கலாம். உள்ளே வந்து பார்க்கவும் அதிகாரம் உண்டு. என் மாடியில் இவர்களுக்கு என்ன வேலை என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் நம் தொட்டியில் பிறந்த கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளையையும்தானே கடிக்கிறது? 2003இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோதும் முதலில் முணுமுணுத்தோம். மும்பையில் இன்னும் கறார்: தொட்டிக்குக் கொசு புகாத மூடி மட்டும் போதாது, ஆய்வாளர் ஏறிப் பார்க்க ஏணியும் வேண்டும்.

சாக்கடைதான் கொசுவுக்கெல்லாம் காரணம் என்று நினைக்கிறோம். சென்னையில் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் கொசு வளர்வது கிணற்றிலும் மாடித் தொட்டியிலும்தான். டெங்கு பரப்பும் ஏடிஸுக்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தொட்டி காய்ந்தாலும் முட்டை மாதக்கணக்கில் சாகாது. மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். அதிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை வடித்ததும் கிளம்பாமல், எங்கள் பையன்கள் உள்ளே இறங்கி பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான். நேரம் இழுக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். மூடி மாற்ற வேண்டியிருந்தால் நாங்கள் வாங்கிய விலையே, கூலி கிடையாது. ஓவர்ஃப்ளோ பைப் வாயில் வலை கட்டித் தருவது இலவசம். பலரும் மறந்துவிடுகிற ஓட்டை அது. போன வருஷம் நாங்கள் தகரம் வைத்து மூடிவிட்டு வந்த வீடு உங்களுடையது என்றால், ஒரு போன் போடுங்கள், மூடி எங்கள் செலவு. தீபாவளி வாரத்தில் பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள்; அதற்கு முன்பே நாள் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொட்டி, பிளம்பிங் வேலைக்காரர்கள்