தலைப்பிரட்டையின் குடலும் உன் காலை மாத்திரையும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. தைராய்டு குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பதைப் படித்ததும் மனசு கனத்துப் போனது. "கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கும் என் வயிற்று உப்புசத்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டு, பாலும் ஒத்துக்கொள்வதில்லை என்று எழுதியிருந்தாயே, நாலு நாளும் அதே யோசனைதான்.

கல்லூரி ஆய்வகத்தில் கண்ணாடித் தொட்டியில் தலைப்பிரட்டை வளர்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அடியிலிருந்து பார்த்தால் வயிற்றுத் தோல் வழியே குடல் கொசுவர்த்திச் சுருள் மாதிரி தெரியும். பாசி தின்கிற வயிற்றுக்கு அவ்வளவு நீளம் வேண்டும். பூச்சி தின்னும் தவளையாக மாறும்போது அந்தக் குடல் முக்கால்வாசி சுருங்கிவிடும். உள்பக்கத்துப் பழைய செல்கள் செத்து உதிர, புதிய செல்கள் முளைக்கும். இத்தனையையும் நடத்துவது தைராய்டு ஹார்மோன்தான். 1912-இல் குடர்நாட்ச் என்ற விஞ்ஞானி குதிரையின் தைராய்டைத் தலைப்பிரட்டைகளுக்குத் தின்னக் கொடுத்தார். அவை வளர்ச்சி முற்றுவதற்குள்ளேயே குட்டிக் குட்டித் தவளைகளாகிவிட்டன.

எலிக்குட்டியிலும் இதே கதை. தாய்ப்பால் குடிக்கிற வரை சிறுகுடலில் பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி நிறைய இருக்கும். மூன்றாவது வாரம் தானியம் கொறிக்கத் தொடங்கும்போது லாக்டேஸ் இறங்கி, சாதாரணச் சர்க்கரையை உடைக்கும் சுக்ரேஸ் ஏறும். முன்கூட்டியே தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோனைக் கொடுத்தால் இந்த மாற்றம் முந்துகிறது. தைராய்டு குறைந்த குட்டிக்குத் தள்ளிப்போகிறது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோனுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த மனிதக் குடல் செல்களிலும் டி3 என்ற தைராய்டு ஹார்மோன் லாக்டேஸைக் குறைத்து, அல்கலைன் பாஸ்படேஸ் என்ற இன்னொரு நொதியைக் கூட்டியிருக்கிறது. என்ன நொதியை எப்போது சுரக்க வேண்டும் என்று ஒரு சின்னச் சுரப்பி குடலுக்குச் சொல்லிக்கொடுக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

ஆனால் பால் ஒத்துக்கொள்ளாததற்கும் தைராய்டுதான் காரணம் என்று நீயே முடிவு கட்டிவிடாதே. நம்மில் நிறையப் பேருக்கு வளர்ந்த பிறகு லாக்டேஸ் தானாகவே குறைந்துவிடும். தைராய்டு குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகும். மலச்சிக்கலும் உப்புசமும் பெரும்பாலும் அதனால்தான். டாக்டரிடம் பால் விஷயம், உப்புசம் இரண்டையும் சொல்.

அப்புறம், எழுந்ததும் காபி குடிக்கிற உன் பழக்கம்! மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை காபியைத் தொடாதே. மாத்திரை சிறுகுடலில்தான் ரத்தத்தில் ஏறுகிறது; காபி அதைக் கெடுக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை இருக்கும், தவறவிடாதே.

இங்கே எல்லோரும் சுகம். தை மாதம் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வருகிறேன், இரண்டு நாள் உன் வீட்டில்தான். பரிசோதனை முடிவு வந்ததும் அதிலுள்ள எண்களை அப்படியே எழுதி அனுப்பு.

அன்புடன்,
வசந்தா