பசுமை வாரத்தில் வளாகத்தின் கணக்கைத் திறந்து வையுங்கள்

பல்கலைக்கழகத் துணைவேந்தர்களுக்கும், ஆட்சிமன்ற உறுப்பினர்களுக்கும், வளாகத்தில் சுற்றுச்சூழல் வாரத்தை நடத்தும் ஆசிரியர், மாணவர் குழுக்களுக்கும் வணக்கம்.

ஆண்டுதோறும் ஒரு வாரத்தைச் சுற்றுச்சூழலுக்கென ஒதுக்கி, கருத்தரங்கும் கண்காட்சியும் மரம் நடுதலும் மிதிவண்டிப் பேரணியும் நடத்தி வருகிறீர்கள். அந்த வாரத்தின் உழைப்பில் பெரும்பகுதி மாணவர்களுடையது. தேர்வுக்கும் ஆய்வேட்டுக்கும் நடுவே அவர்கள் செய்யும் வேலையைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. அதற்கு ஈடான ஒன்றை நிர்வாகமும் தன் பங்காகத் தர வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். கடந்த ஓராண்டில் வளாகம் எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் நீரும் செலவழித்தது, எவ்வளவு உணவை வீணாக்கியது, எவ்வளவு குப்பையை எங்கே அனுப்பியது என்ற கணக்கை, கட்டடவாரியாகப் பிரித்து, அந்த வாரத்தில் எல்லார் முன்னிலையிலும் வையுங்கள். என் கோரிக்கை இதுதான்.

இது புதிய கோரிக்கையும் அன்று. 1970 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் முதல் புவி நாள் நடந்தபோது, மாணவர்கள் பங்கேற்க வசதியாக, வசந்தகால விடுமுறைக்கும் இறுதித் தேர்வுக்கும் இடைப்பட்ட நாளாகப் பார்த்தே அந்தத் தேதி தேர்ந்தெடுக்கப்பட்டது. வியட்நாம் போருக்கு எதிராகப் பல்கலைக்கழகங்களில் நடந்த விவாத வகுப்புகளே அதற்கு முன்மாதிரி. கேள்வி கேட்பதற்காகக் கூடிய கூட்டங்கள் அவை. பின்னர் 1990-இல் பிரான்சின் தல்வார் என்னும் ஊரில் பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி வெளியிட்ட பத்து அம்சப் பிரகடனம், சூழலைப் பற்றிப் பாடம் நடத்துவதோடு நில்லாமல், வளங்களைச் சிக்கனமாகப் பயன்படுத்துவதையும் கழிவைக் குறைப்பதையும் தம் நிறுவனத்துக்குள்ளேயே நடைமுறைப்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தியது. பல நாடுகளில் நூற்றுக்கணக்கான கல்வி நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. அந்த உறுதிமொழி காக்கப்படுகிறதா என்பதை மின்மானியையும் நீர்மானியையும் பார்க்காமல் எப்படிச் சொல்வது?

பல வளாகங்களில் முதல் தடை இங்கேயே தொடங்குகிறது. உயர் மின்னழுத்த இணைப்பு உள்ளே வரும் இடத்தில் ஒரே ஒரு மின்மானி இருக்கும். அதற்குப் பின்னால் எந்தக் கட்டடம் எவ்வளவு இழுக்கிறது என்பது எவருக்கும் தெரியாது. கட்டணத்தை நிதிப் பிரிவு செலுத்திவிடுகிறது. மின்சாரத்தைச் செலவழிக்கும் துறை அந்த ரசீதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. சிக்கனமாக நடந்துகொண்ட துறைக்கும் வீணடித்த துறைக்கும் வேறுபாடு தெரியாத இடத்தில், விளக்கை அணையுங்கள் என்று சுவரில் ஒட்டும் வாசகத்துக்கு எவ்வளவு வலிமை இருக்க முடியும்? ஆகவே, கட்டடத்துக்கு ஒரு மானி பொருத்துவதும், மிச்சப்படுத்திய தொகையில் ஒரு பகுதியை அந்தத் துறையின் செலவுக்கே திருப்பித் தருவதும்தான் தொடக்கம். மானி பொருத்தியபின் முதலில் பார்க்க வேண்டியது பகல் நேரப் பயன்பாட்டையன்று, பின்னிரவு மூன்று மணிக்கு வளாகம் இழுக்கும் மின்சாரத்தையே. வகுப்பறைகள் பூட்டிக்கிடக்கும் அந்த நேரத்திலும் இறங்காமல் நிற்கும் அளவில் எது தேவை, எது மறதி என்று பிரித்துப் பார்த்தால், வீணாகும் மின்சாரத்தில் கணிசமான பகுதி அங்கேயே பிடிபடும்.

அந்தப் பின்னிரவுக் கணக்கில் ஆய்வகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. விழிப்புணர்வு நிகழ்ச்சிகளில் எவரும் பேசாத இடம் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் பெட்டிகள், குளிரூட்டியோ சூடேற்றியோ உள்ளே அனுப்பிய காற்றை இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தின் மதிப்பீட்டின்படி, இத்தகைய பெட்டி ஒன்று அந்நாட்டுச் சராசரி வீடுகள் மூன்றுக்கும் மேற்பட்டவற்றுக்கு ஈடான ஆற்றலைச் செலவழிக்கிறது. தேவைக்கேற்பக் காற்றோட்டத்தை மாற்றும் அமைப்பு பொருத்தப்பட்ட பெட்டிகளில், வேலை முடிந்ததும் முன்பக்கக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டாலே பெரும் மிச்சம் கிடைக்கும். மாதிரிகளைப் பாதுகாக்கும் ஆழ்குளிர் உறைபெட்டிகளைக் கழித்தல் 80 டிகிரி செல்சியசிலிருந்து கழித்தல் 70-க்கு மாற்றினால் அவற்றின் மின்செலவு ஏறத்தாழ 30 விழுக்காடு வரை குறையும். பலவகை மாதிரிகளுக்கு அந்த வெப்பநிலையே போதுமானது. நெகிழிக் கழிவோ மின்மானியில் தெரியாத இன்னொரு கணக்கு. உலகெங்கும் உயிரியல், மருத்துவ, வேளாண் ஆய்வகங்களிலிருந்து 2014-இல் ஏறத்தாழ 55 லட்சம் டன் நெகிழிக் கழிவு வெளியேறியிருக்கும் என்று இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். உணவகத்தில் உறிஞ்சுகுழாயைத் தடைசெய்து பாராட்டுப் பெறும் அதே வளாகத்தில் ஆய்வகக் குப்பையை எவரும் நிறுத்துப் பார்க்காமல் இருப்பது சரியன்று. பாதுகாப்பில் சமரசம் செய்துகொள்ளாமல் எவற்றைத் தவிர்க்கலாம், எவற்றைக் கழுவி மறுபடி பயன்படுத்தலாம் என்பதை ஆய்வாளர்களாலேயே முடிவு செய்ய முடியும். நிர்வாகம் அவர்களிடம் கேட்க வேண்டும்.

விடுதிச் சமையற்கூடத்தின் கணக்கு இதைவிட எளிது. ஒரு தராசும் ஒரு பதிவேடும் போதும். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். விளைநிலத்திலிருந்து தட்டு வரை இழக்கப்படும் உணவால், உலகின் பசுங்குடில் வாயு உமிழ்வில் 8 முதல் 10 விழுக்காடு உண்டாகிறது. சமைத்துப் பரிமாறாமல் மிஞ்சியதையும் தட்டில் ஒதுக்கி எறிந்ததையும் தனித்தனியே நிறுத்து எழுத வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்துகிறேன். முன்னது சமையல் திட்டமிடலின் குறை. பின்னது சுவையின் குறையாகவோ பரிமாறும் அளவின் குறையாகவோ இருக்கலாம். இரண்டையும் சேர்த்து மாணவர் மீது பழிபோடுவது நியாயமாகாது.

மரக்கன்றுகளைப் பற்றியும் ஒரு சொல். நடும் நாளில் படம் எடுக்கிறோம். முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் நீர் ஊற்றி, வேலியிட்டுக் காப்பவர்கள் படத்தில் இருப்பதில்லை. இனி நட்டவற்றின் எண்ணிக்கையை அறிவிக்கும் மேடையிலேயே, முந்தைய ஆண்டுகளில் நட்டவற்றில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்பதையும் அறிவியுங்கள். நெகிழிப் பதாகையும் புட்டித் தண்ணீரும் விருந்தினருக்கான நினைவுப் பரிசும் இல்லாமல் அந்த மேடையை அமைக்க முடியும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்களை வெளியிட்டால் நிறுவனத்தின் பெயர் கெடும் என்று சிலர் தயங்குவதை அறிவேன். ஆனால் இந்தோனேசியப் பல்கலைக்கழகம் 2010-இல் தொடங்கிய கிரீன்மெட்ரிக் போன்ற தரவரிசைகளுக்காகப் பல பல்கலைக்கழகங்கள் இதே எண்களைத் தாமே திரட்டி அனுப்பிக்கொண்டுதான் இருக்கின்றன. வெளியே அனுப்பத் தகுந்த கணக்கு, சொந்த மாணவர்களுக்குக் காட்டத் தகாததாக எப்படி ஆகும்? குறையுள்ள அளவீட்டை அதன் பிழை வரம்போடு வெளியிடுவது ஆராய்ச்சியின் அடிப்படை ஒழுக்கம் என்று வகுப்பறையில் நாம்தான் கற்பிக்கிறோம். மோசமான எண்ணை மறைக்காமல் வைக்கும் பல்கலைக்கழகத்தின் மீது எனக்கு மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

கணக்கு எடுக்கும்போது வசதியான பகுதியோடு நின்றுவிடவும் கூடாது. உமிழ்வுகளைக் கணக்கிட உலகெங்கும் வழங்கும் முறை அவற்றை மூன்றாகப் பிரிக்கிறது: வளாகத்துக்குள் எரிக்கும் எரிபொருள், விலைக்கு வாங்கும் மின்சாரம், அதன் பிறகு கொள்முதல், கட்டுமானம், பயணம், கழிவு என்று விரியும் மற்றவை. மூன்றாவதைக் கணக்கிடுவது கடினம். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் அதுவே மிகப் பெரியதாக இருக்கிறது. மாநாடுகளுக்கு நாம் மேற்கொள்ளும் விமானப் பயணங்கள் அதில் அடங்கும். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இது உவப்பான செய்தி அன்று என்றாலும், மாணவரை மிதிவண்டியில் வரச் சொல்லும் உரிமை எங்களுக்கு வேண்டுமானால் இந்தக் கணக்கும் மேடையில் இருக்க வேண்டும்.

அந்த மேடையில் யார் அமர்வது என்பதும் முக்கியம். எந்தக் குழாய் எத்தனை நாளாக ஒழுகுகிறது, எந்தக் கூடத்தில் ஆளில்லாமல் குளிரூட்டி ஓடுகிறது, தனித்தனியாகப் போட்ட குப்பை எந்த இடத்தில் மறுபடி ஒன்றாகக் கலக்கிறது என்பவை மின் பணியாளருக்கும் சமையல் பணியாளருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் தெரியும். நிறைவு விழாவில் அவர்களுக்குச் சால்வை போர்த்துவதோடு முடித்துக்கொள்ளாமல், திட்டமிடும் குழுவில் வாக்குரிமையுள்ள உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக அவர்கள் செலவிடும் நேரத்தைப் பணி நேரமாகவே கணக்கிடுங்கள்.

அடுத்த சுற்றுச்சூழல் வாரத்தின் முதல் நாளை இந்தக் கணக்குக்கென ஒதுக்கும்படி வேண்டுகிறேன். முதல் ஆண்டு அறிக்கையில் இடைவெளிகள் இருக்கும். எவை அளக்கப்படவில்லை என்று அதிலேயே குறிப்பிட்டு வெளியிடுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே முறையில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். ஒவ்வோர் எண்ணுக்கும் பொறுப்பான அலுவலரின் பதவி அதில் இருக்கட்டும். அவர் அன்று அவைக்கு வந்து மாணவர்களின் கேள்விகளுக்கு விடை சொல்லட்டும். மூலத் தரவை மாணவர்கள் பதிவிறக்கிக்கொள்ளும் வடிவில் கொடுத்தால், புள்ளியியல், பொறியியல், பொருளியல் துறைகளில் அந்தப் பருவத்துக்கான செய்முறைப் பாடமாகவும் அது பயன்படும்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஒரு பல்கலைக்கழக ஆசிரியர்