மடியில் இருக்கும் பிள்ளையும் ஓர் ஆள்தான்

ஆலப்புழை, குமரகம் படகு வீட்டு உரிமையாளர்களுக்கும், அப்படகுகளுக்குத் தகுதிச் சான்று வழங்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பள்ளிக்கூடம் மூடியதும் தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக வேம்பநாட்டு ஏரிக்கு வந்து இறங்குகிறோம். ஒரு காலத்தில் நெல் ஏற்றி, இப்போது படகு வீடாகிவிட்ட கெட்டுவள்ளத்தில் ஓர் இரவாவது தங்க வேண்டும் என்று பிள்ளைகள் மார்கழியிலேயே நச்சரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் உபசரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என் சண்டை வேறு. உங்கள் கணக்கில் குழந்தை ஆளாகவே வருவதில்லை.

படகுத்துறையில் "பெரியவர்கள் எத்தனை பேர்?" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கைக்குழந்தையும் மடிப்பிள்ளையும் அந்தத் தாளில் ஏறுவதே இல்லை. பஸ்ஸுக்கு அந்த வழக்கம் போதும், படகுக்குப் போதாது. 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்த சுற்றுலாப் படகில் 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியது பற்றி எல்லோரும் பேசினோம். படகில் மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்றே சரியாகத் தெரியாமல் இருட்டில் தேட வேண்டியிருந்ததைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. இன்னும் எத்தனை பேரைத் தேட வேண்டும் என்று தெரியாவிட்டால், தேடலை எங்கே நிறுத்துவது?

அடுத்தது உயிர்காப்புச் சட்டை. கடந்த கோடையில் நாங்கள் ஏறிய படகில் (எந்தப் படகு என்பது இங்கே முக்கியமில்லை) அவை கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருந்தன. நான்கு வயது மகளுக்கு ஒன்றை மாட்டி, அதன் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். சட்டை காதுவரை ஏறியது. பிள்ளை கீழேயே நின்றாள். தண்ணீரிலும் இதுதான் நடக்கும். சட்டை மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவும். கால்களுக்கு இடையே வரும் பட்டை இருந்தால் அது மேலே ஏறாது. அந்தப் பட்டை இல்லை; ஒரு கொக்கி உடைந்து, நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டிருந்தது. "ஒன்றும் ஆகாது, நாங்கள் இருக்கிறோம்" என்றார் படகுக்காரர். நல்ல மனிதர், பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்தார். ஆனால் அவருக்கும் இரண்டு கைகள்தானே?

மேல்தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்கள் மேலே ஏற ஏறப் படகின் எடை மையமும் உயர்கிறது. பிறகு எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தால் படகு நிமிர்வது கடினம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 45 பேர் இறந்தபோது, விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தார்கள் என்பதுதான் வெளிவந்த செய்தி. நீர்க்காகம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், எங்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்தப் பக்கக் கம்பியில்தான் நிற்பார்கள். பிள்ளைகள் அப்படித்தான். மேல்தளத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்பதைப் படிக்கட்டின் பக்கத்திலேயே பெரிதாக எழுதி வையுங்கள். சித்திரை, வைகாசியில் பிற்பகல் இடிமழையோடு காற்றும் திடீரென்று கிளம்பும் ஏரி அது. எனக்குச் சொல்லத் தெரிவதைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

முடியாததைக் கேட்கவில்லை. மீனவர்கள் இரவில் வலை விரிக்கிறார்கள் என்பதற்காகப் பொழுது சாயும் முன்பே படகைக் கரையில் கட்டிவிடுகிறீர்கள். எந்தப் பயணி கெஞ்சினாலும் நகர்த்துவதில்லை. அந்தக் கண்டிப்பில் பாதியைச் சட்டை விஷயத்தில் காட்டுங்கள்: குழந்தைகள் போட்டுக்கொள்ளும் வரை கயிற்றை அவிழ்க்காதீர்கள். முகம் சுளிக்கும் பெற்றோர் இருப்பார்கள், வெக்கை என்பார்கள், புகைப்படம் கெடுகிறது என்பார்கள். சுளிக்கட்டும்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. சான்று புதுப்பிக்கும்போது சட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அவற்றில் எத்தனை குழந்தைகளுக்கானவை என்றும் பாருங்கள். 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கலங்களுக்கென 2021இல் புதுச் சட்டமே வந்துவிட்டது. பெட்டியைத் திறந்து பார்க்க இன்னொரு சட்டம் வேண்டியதில்லை.

உரிமையாளர்களே, முன்பதிவின்போது இரவு உணவுக்கு என்ன வேண்டும் என்று தமிழிலேயே விசாரிக்கிறீர்கள். அதோடு பிள்ளைகளின் வயதையும் எடையையும் கேட்டுக்கொள்ளுங்கள். தயங்காமல் சொல்கிறோம்.

இப்படிக்கு,
அடுத்த கோடையிலும் பிள்ளைகளோடு வர நினைக்கும் ஒரு தாய்