பிள்ளை குளிப்பாட்டும் அப்பத்தா, அம்மாச்சிமார்களுக்கு

அன்புள்ள அப்பத்தா, அம்மாச்சிமார்களுக்கும், மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் பச்சை உடம்புக்காரி இருக்கிற வீடுகளுக்குப் போய்ப் பிள்ளை குளிப்பாட்டிக் கொடுக்கிற அக்காமார்களுக்கும் வணக்கம்.

சண்டைக்கு வரவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் குப்புறவும் மல்லாக்கவும் போட்டு, எண்ணெய் தேய்த்து, முழங்கையால் தண்ணீரின் சூடு பார்த்து, கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு ஒன்று விடாமல் வழித்து நீங்கள் குளிப்பாட்டுகிற மாதிரி எங்களால் ஆகாது. பழைய சுங்குடிச் சேலைத் தூளியில் என் மகன் மத்தியானம் வரை அசையாமல் தூங்கியதெல்லாம் அந்தக் கைக்குத்தான் சேரும். அதனால் குளியலை விடச் சொல்லவில்லை. உடம்புக்கு வெளியே இருப்பதெல்லாம் உங்கள் ராஜ்ஜியம். உள்ளே போகிற வழிகளை மட்டும் விட்டுவிடுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

முதலில் மூக்கு. எண்ணெய் விட்டால், வாய் வைத்து ஊதினால் சளி வந்துவிடும் என்று செய்கிறீர்கள். அந்த எண்ணெய் பிள்ளை வீறிட்டு அழுகிற நேரம் மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும், எண்ணெய் என்பதால் லேசில் வெளியேறவும் செய்யாது. நீங்கள் ஊதும்போது உங்கள் வாய்க்கிருமியும் கூடவே போகிறது. பிள்ளைக்கு மூக்கைச் சுத்தம் செய்யத் தும்மல் இருக்கிறது. அடைத்துக்கொண்டு பால் குடிக்க முடியவில்லை என்றால் டாக்டரைக் கேட்டு உப்புத்தண்ணீர்ச் சொட்டு மருந்து வாங்கிக்கொள்ளலாம். கோழை எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவதும் இதே கதைதான்.

அடுத்தது யாரும் வெளியே பேசாதது. பிறந்த பிள்ளைக்கு, ஆண் பிள்ளைக்கும்கூட, மார்பு கொஞ்சம் வீங்கிப் பால் போலக் கசியும். தாயின் ஹார்மோன் பிள்ளை உடம்பில் மிச்சம் இருப்பதால் வருவது, சில வாரத்தில் தானாக வற்றிவிடும். அதைப் பிதுக்கி எடுக்காதீர்கள். சீழ் கட்டினால் அந்தப் பிஞ்சு மார்பைக் கீறித்தான் எடுக்க வேண்டிவரும்.

வாய்க்கு வருகிறேன். நல்ல குணம் உள்ளவர் கையால் பிறந்த பிள்ளை நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டுச் சேனை வைக்கும் ஆசை புரிகிறது, ஆனால் முதலில் உள்ளே போக வேண்டியது சீம்பால். தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்து இருக்கும், அது பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கினால் கைகால் துவண்டு மூச்சே திணறும், அதனால் ஒரு வயது முடியும் வரை தேன் ஆகாது. வசம்பு, உரைமருந்தும் வேண்டாம். சித்திரை வெயிலில் தொண்டை காயுமே என்று சங்கில் தண்ணீர் புகட்டவும் வேண்டாம், தாய்ப்பாலில் சுமார் 88 சதவீதம் தண்ணீர்தான், ஆறு மாதம் வரை நம்ம ஊர் வெயிலுக்கும் அது போதும்.

கண்ணுக்குள் மை வேண்டாம், பல மைகளில் ஈயம் இருக்கிறது. தொப்புளில் மஞ்சள், சாம்பல், பவுடர் எதுவும் வைக்காமல் விட்டால் தானே காய்ந்து விழும். சாம்பிராணி மணம் எனக்கும் பிடிக்கும், ஆனால் புகைக்கு நடுவில் பிள்ளையைக் காட்டாதீர்கள், அந்த நாலு முடியைத் துவட்டத் துண்டு போதாதா?

‘நாங்க எட்டுப் பிள்ளை வளர்க்கலையா’ என்பீர்கள். வளர்த்தீர்கள். ஆனால் நடுவில் ரெண்டு தங்கவில்லை என்று அதே அப்பத்தாதான் இன்னொரு நாள் வெற்றிலை மடித்துக்கொண்டே சொல்லும். 1971-ல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 28. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம் என்று காரணம் பல, உங்களைக் குற்றம் சொல்லவில்லை.

ஆறு மாதம் முடிந்ததும் வாயும் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. கேப்பைப் பால் காய்ச்சுவது, பருப்பும் சோறும் நெய் விட்டுக் கையாலேயே மசிப்பது, வேடிக்கை காட்டி ஊட்டுவது எல்லாம் நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும், நாங்கள் மிக்சியில் போட்டு அரைத்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம். முழு வேர்க்கடலை, பொரிகடலை மட்டும் நாலு வயசு வரைக்கும் கையில் கொடுக்காதீர்கள், புரை ஏறினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும்.

இப்படிக்கு,
மேலூர்ப் பக்கத்து மருமகள் ஒருத்தி