அகழி வெட்டியும் பறிபோன பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பலர் சேர்ந்து விளையாடும் இணைய விளையாட்டுகளில் ஊர் அமைத்து, வீடு கட்டி, பொருள் சேர்க்கும் பழக்கம் வேலூர்ப் பிள்ளைகளிடமும் பரவியிருக்கிறது. அந்தப் பொருள்களைக் காத்துக்கொள்ளும் முறையை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் இல்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், அரையாண்டு விடுமுறையில் பள்ளித் தோழர் இருவருடன் மைன்கிராஃப்ட் என்ற கட்டுமான விளையாட்டின் சர்வர் (பலர் இணைந்து ஆடும் இணையத் தளம்) ஒன்றில், ஓர் ஊரில் குடியேறினான். நம் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவன் ஆதலால், தன் வீட்டைச் சுற்றி அகழி வெட்டி நீர் நிரப்பினான்; இரும்புக் கதவு வைத்தான்; பல நாள் சுரங்கம் தோண்டிச் சேர்த்த வைரங்களை ஒரு மரப்பெட்டியில் வைத்தான். அங்கே இரண்டு வாரம் உடன் விளையாடிய ஒருவனை நண்பர் பட்டியலில் சேர்த்தான்; அடுத்த நாள் காலையில் பெட்டி காலியாக இருந்தது. "விளையாட்டுதானே, விடு" என்று நான் சொன்னது தவறு. தான் நம்பிய நண்பனே எடுத்துச் சென்றான் என்பதைத்தான் என் மகனால் தாங்க முடியவில்லை. பிறகு அவனுடன் அமர்ந்து அந்த ஊரின் விதிகளைப் படித்தேன்.

இத்தகைய ஊர்களைப் பல சர்வர்களில் டவுனி என்ற நிரல் நடத்துகிறது. நிலம் 16க்கு 16 கட்டம் கொண்ட மனைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு மனைக்கும் கட்டுதல், உடைத்தல், பொருளைப் பயன்படுத்தல், சுவிட்ச் என நான்கு அனுமதிகள் வகுக்கப்பட்டுள்ளன. கதவைத் திறப்பதும் பெட்டியைத் திறப்பதும் இந்தச் சுவிட்ச் அனுமதி ஒன்றிலேயே அடங்குவதால், வீட்டுக்குள் வந்து போகட்டும் என்று நண்பனுக்குக் கொடுக்கும் உரிமை பெட்டிச் சாவியாகவும் ஆகிவிடுகிறது. நண்பர் பட்டியலில் சேர்க்கும் பெயரும் ஒரு மனைக்கு மட்டுமல்லாமல் நம் மனைகள் அனைத்துக்கும் பொருந்தும். ஆகவே பொருள் வைக்க ஒரு மனையைத் தனியே ஒதுக்கி, அங்கே மட்டும் நண்பருக்கான சுவிட்ச் அனுமதியை நிறுத்திவிட வேண்டும். ஊரை நடத்தும் ஆட்டக்காரரான மேயர், ஒருவரை ஊரிலிருந்து நீக்கினால் அவருடைய மனை ஊருக்கே திரும்பிவிடும் என்பதால், மேயர் யார் என்று தெரியாத ஊரில் எல்லாவற்றையும் ஒரே வீட்டில் குவிப்பது ஆபத்து.

பாதுகாப்பு நிரல் ஏதும் இல்லாத சர்வர்களில் மரப்பெட்டிக்கு அடியில் ஹாப்பர் என்ற உறிஞ்சு புனலை வைத்தே உள்ளிருப்பதை உறிஞ்சிவிடலாம். அங்கெல்லாம் நம்பத்தக்கது எண்டர் செஸ்ட் என்ற தனிவகைப் பெட்டிதான். விளையாட்டில் கிடைக்கும் எட்டு அப்சிடியன் கற்களும் எண்டர் கண் என்ற பொருள் ஒன்றும் கொண்டு செய்யப்படும் இப்பெட்டியை யார் திறந்தாலும் அவரவர் பொருள் மட்டுமே அவரவருக்குத் தெரியும். பிறர் உடைத்தாலும் உள்ளிருப்பது போகாது. அதில் 27 இடங்களே உண்டு என்றாலும், ஒவ்வோர் இடத்திலும் 27 இடங்கள் கொண்ட, பொருளோடு எடுத்துச் செல்லக்கூடிய ஷல்கர் பெட்டி ஒன்றை வைத்தால் 729 இடங்களாகிவிடும். எங்கள் வீட்டில் இப்போது வைரங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் கடவுச்சொல் பிறர் கைக்குப் போனால் இதுவும் பயன்படாது. பரிசு தருவதாகச் சொல்லிக் கடவுச்சொல் கேட்பவர்களிடம் பிள்ளைகள் ஏமாறாதிருக்க, மைக்ரோசாஃப்ட் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் பெற்றோரே அமைத்துத் தருவது நல்லது. உண்மையான பணம் பறிபோனால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

என்னை இன்னும் வருத்துவது காலதாமதம். யார், எப்போது, எந்தப் பெட்டியிலிருந்து எதை எடுத்தார் என்பதைக் கோர்புரொடெக்ட் போன்ற நிரல்கள் பதிவு செய்கின்றன. அதைக்கொண்டு சர்வர் நிர்வாகியால் பொருளை மீட்டுத் தரவும் முடியும். என் மகனோ, கணினி பிடுங்கப்படும் என்று பயந்து பத்து நாள் வாய் திறக்கவில்லை. அந்தச் சர்வரிலோ ஒரு வாரப் பதிவு மட்டுமே வைத்திருந்தார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் திரும்பக் கிடைத்திருக்கும். திட்டு விழாது என்ற நம்பிக்கையை நான் முன்னமே அவனுக்குத் தந்திருக்க வேண்டும்.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில், கோடை விடுமுறை தொடங்குமுன், இந்த அனுமதிகளைப் படத்துடன் விளக்கி ஒரு கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
சத்துவாச்சாரி, வேலூர்.