சிரை வழியே செலுத்துமுன்: செவிலியான மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரவுப் பணியில் சலைன், ஊசி மருந்து, ரத்தம் மூன்றையும் இனி உன் பொறுப்பிலேயே செலுத்த வேண்டியிருக்கும் என்று எழுதியிருந்தாய். ‘மருந்தை அளவாகச் செலுத்தும் பம்ப் இருக்கும்போது துளிகளை எண்ணப் படித்தது வீண்தானே, அம்மா?’ என்றும் கேட்டிருந்தாய். அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

பம்ப் நீ கொடுத்த எண்ணுக்குக் கீழ்ப்படியும். அந்த எண் சரியா என்பது அதற்குத் தெரியாது. 12.5 என்று அழுத்த வேண்டிய இடத்தில் புள்ளி விழாமல் போனால், பத்து மடங்கு மருந்தை எந்தத் தயக்கமும் இன்றிச் செலுத்திவிடும். ஆகவே கணக்கை முதலில் உன் மனத்தில் போட்டுவிட்டுப் பிறகு பொத்தானைத் தொடு. 1000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டுமென்றால் மணிக்கு 125 மில்லி. பையிலிருந்து சிரைக்குப் போகும் குழாய், அதாவது செட், ஒரு மில்லிக்கு 20 துளி விடுவதாக இருந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி. 60 துளி விடும் மைக்ரோ செட்டில் மணிக்கு எத்தனை மில்லியோ நிமிடத்துக்கு அத்தனை துளி. செட்டின் உறையைப் படிக்காமல் துளியை எண்ணுவதில் பொருளில்லை, ஏனென்றால் 10, 15 துளி செட்டுகளும் புழக்கத்தில் இருக்கின்றன.

பம்ப்புக்குத் தெரியாத இன்னொன்று, சிரைக்குள் செருகிய மெல்லிய குழாயான கேனுலாவின் முனை எங்கே இருக்கிறது என்பது. அது சிரையை விட்டு விலகி அருகிலுள்ள திசுவுக்குள் நின்றாலும் பல வேளைகளில் அலாரம் ஒலிக்காது. கை வீங்கிக்கொண்டே போகும். சலைன் கசிந்தால் வீக்கத்தோடு போகலாம். ரத்த அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினோ சில புற்றுநோய் மருந்துகளோ கசிந்தால் தோலும் தசையும் அழுகிவிடக்கூடும். எனவே போர்வையை விலக்கி, ஊசி இட்ட இடத்தைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, எரிகிறதா என்று நோயாளியிடம் கேட்க வேண்டும். பேச முடியாத குழந்தைக்கும் மயக்கத்தில் இருப்பவருக்கும் இதை இன்னும் அடிக்கடி செய்.

வாய்வழி கொடுத்த மருந்து உடலில் சேரச் சற்று நேரம் பிடிக்கும். சிரைக்குள் போனது ஒரு நிமிடத்துக்குள் இதயத்தை அடைந்துவிடும். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. பொட்டாசியம் குளோரைடை நான் தனியாகச் சொல்வது அதனால்தான். ஆம்பூல் என்ற சிறு மருந்துக் குப்பியிலிருந்து அதை நேரடியாகச் சிரையில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். நீர்க்கச் செய்து, பையைப் பலமுறை தலைகீழாகப் புரட்டிக் கலந்து, மெதுவாகத்தான் செலுத்த வேண்டும். கலக்காமல் தொங்கவிட்டால் அடர்த்தியான மருந்து அடியில் தேங்கி முதலில் அதுவே இறங்கும். கிருமிக்கொல்லியான வேன்கோமைசினும் அவசரம் தாங்காது: ஒரு கிராமைக் குறைந்தது 100 நிமிடமாவது எடுத்துச் செலுத்தாவிட்டால் உடல் சிவந்து, அரித்து, ரத்த அழுத்தமும் இறங்கக்கூடும். வலிப்பு மருந்தான ஃபெனிடோயினைக் குளுக்கோஸில் கலந்தால் படிகமாக உறையும், அதற்குச் சலைன்தான். எது எதனோடு சேராது என்பதை நினைவை நம்பி முடிவு செய்யாதே, அட்டவணையைப் பார். மூத்தவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

இனி ரத்தம். மனித ரத்தம் ஒரே வகையல்ல என்று கார்ல் லேண்ட்ஸ்டைனர் 1901-இல் எழுதிய பிறகும், பொருந்தாத ரத்தம் இன்றும் ஏற்றப்பட்டுத்தான் விடுகிறது. அதற்குப் பெரும்பாலும் ஆய்வகம் காரணமாக இருப்பதில்லை. ஒருவருக்குரிய பை இன்னொருவரின் படுக்கைக்குப் போய்விடுகிறது. எனவே சரிபார்ப்பைச் செவிலியர் மேசையில் முடித்துவிட்டுப் போகாதே. நோயாளியின் அருகில் நின்று, இருவர் தனித்தனியே, கைப்பட்டையையும் பையின் லேபிளையும், ரத்தம் பொருந்துகிறது என்று ஆய்வகம் தரும் பொருத்தப் படிவத்தையும் ஒப்பிடுங்கள்: பெயர், பதிவு எண், ரத்த வகை, பை எண், காலாவதி நாள். ‘நீங்கள் இன்னார்தானே?’ என்று கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் தலையாட்டுவார். ‘உங்கள் பெயர் என்ன?’ என்றே கேள்.

ரத்தத்துக்கு வடிகட்டி உள்ள செட் வேண்டும். அதே குழாயில் 0.9 சதவீதச் சலைனைத் தவிர எதையும் விடாதே. ரிங்கர் லாக்டேட்டில் உள்ள கால்சியம் ரத்தத்தை உறையவைக்கும், குளுக்கோஸ் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஏற்றுவதற்கு முன் வெப்பநிலை, நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாவற்றையும் குறித்துக்கொள். முதல் 15 நிமிடங்கள் மெதுவாக விட்டு, அந்த நேரம் முழுதும் படுக்கையருகிலேயே இரு. குளிர் நடுக்கம், இடுப்பு வலி, சிரை வழியே எரிச்சல், காரணமின்றி ஒரு பதற்றம் என எது தோன்றினாலும் குழாயை அடைக்கும் கிளாம்ப்பை மூடிவிடு. மருத்துவரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம் என்று காத்திராதே. செட்டை மாற்றி, சலைனை விட்டுச் சிரைவழி அடைபடாமல் வைத்து, பிறகு மருத்துவரை அழை. பையையும் செட்டையும் எறியாமல் ரத்த வங்கிக்கு அனுப்பு. மயக்கத்தில் இருப்பவர் எதையும் சொல்ல மாட்டார். அவருடைய இறங்கும் ரத்த அழுத்தமும் கருத்த சிறுநீரும்தான் உனக்குத் தகவல். முதியவரோ இதய நோயாளியோ மூச்சு வாங்கி இருமத் தொடங்கினால், ரத்தத்தின் அளவே சுமையாகிவிட்டதா என்று சந்தேகப்படு. நிறுத்திவிட்டு நிமிர்த்தி உட்காரவை.

சில்லென்றிருக்கும் பையைச் சூடாக்கலாமா என்று கேட்டிருந்தாய். வெந்நீரிலோ மைக்ரோவேவ் அடுப்பிலோ வைக்காதே, அணுக்கள் உடைந்துவிடும். தேவைப்பட்டால் அதற்கென்றே உள்ள வார்மர் கருவியை மட்டும் பயன்படுத்து. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பையை 30 நிமிடங்களுக்குள் தொடங்கி 4 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்பதால், கேனுலா நன்றாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பையை வரவழை. உன் வார்டின் நெறிமுறையில் இதற்கு மாறாக ஏதேனும் இருந்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா