எங்கள் சோலையை ஷோலா ஆக்காதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கொடைக்கானல் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஏரி, தூண் பாறை, வட்டக்கானல் எல்லாம் சரி. நான்காவது பத்தியில்தான் அந்த வரி இருந்தது: "உருதுவில் ஷோலா என்றால் தீப்பிழம்பு, செந்நிறப் பூக்கள் தீயாய் எரிவதால் இம்மலைக் காடுகளுக்கு ஷோலா என்று பெயர் வந்தது." மூன்று நாளாகப் பூண்டுக் காட்டில் களை எடுக்கும்போதும் அந்த வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. மனசு கேட்காமல் எழுதுகிறேன்.

ஐயா, அது சோலை. தமிழ்ச் சொல். பூம்பாறையில் பிறந்து இங்கேயே வாழ்க்கைப்பட்ட எனக்கு இப்போது அறுபத்துநான்கு வயது. என் அப்பத்தா வாயில் "சோலைக்குள்ள போகாத, அட்டை கடிக்கும்" என்று வந்த சொல் அது. அவர் உருதுவும் கேட்டதில்லை, ஆங்கிலமும் கேட்டதில்லை. முருகனின் ஆறு படைவீடுகளில் ஒன்று பழமுதிர்சோலை என்பது தங்களுக்குத் தெரியாததா? திருமுருகாற்றுப்படையின் கடைசி அடியே அந்தச் சோலை மலைக்கு உரியவனைப் பற்றியதுதானே. எங்கள் ஊர் குழந்தை வேலப்பர் கோயில் தேருக்கு வருகிறவர்களிடம் சோலை எந்த மொழிச் சொல் என்று கேட்டுப் பார்க்கட்டும் அந்தக் கட்டுரையாளர்.

சரி, உருதுவில் அப்படி ஒரு சொல் இல்லையா என்றால், இருக்கிறது. கொடைக்கானல் பஜாரில் கம்பளிக் கடை வைத்திருக்கும் பாய் வீட்டில் உருதுதான் பேசுவார்கள். பத்திரிகையைக் கொண்டுபோய் அவரிடமே காட்டினேன். "தீக்கொழுந்துக்கு ஷோலான்னு சொல்றது உண்மைதாம்மா. அரபியில ஷுஃலா, அதுலேர்ந்து எங்களுக்கு வந்தது. ஆனா இந்தக் காட்டுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? நாங்களே இதைச் சோலைன்னுதானே சொல்றோம்" என்றார். உருது பேசுகிறவருக்குத் தெரிந்தது தமிழ்ப் பத்திரிகைக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

சொல்லை விடுங்கள், காட்டையாவது அந்தக் கட்டுரையாளர் பார்த்தாரா? ரோடோடென்ட்ரான் சிவப்பாகப் பூப்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் சோலையின் ஓரத்திலும் புல்வெளியிலும் தனித்தனியாக நிற்கும் மரம். உள்ளே போனால் நடுப்பகலிலும் இருட்டுதான். குள்ளமாக முறுக்கிக்கொண்டு நிற்கும் மரங்கள், தண்டெல்லாம் பாசி, காலடியில் எப்போதும் ஈரம். மாசி பங்குனியில் புல்வெளி பற்றி எரிவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சரசரவென்று மலைச்சரிவில் ஏறி வரும் தீ, சோலை விளிம்புக்கு வந்ததும் அப்படியே அடங்கிவிடும். உள்ளே இருக்கும் ஈரத்தைத் தாண்டி அதால் போக முடியாது. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும் உறைபனி அதைக் கருக்கிவிடும், அது தப்பினால் தீ கருக்கிவிடும். அதனால்தான் மடிப்பு மடிப்பாக, பள்ளங்களில் மட்டும் சோலை ஒதுங்கி நிற்கிறது. தீ வந்து நின்றுபோகிற இடத்துக்குத் தீ என்று பெயர் வைத்துவிட்டீர்களே ஐயா.

மலையாளத்தில் சோல என்றால் அவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது நீரோடை. காட்டுச்சோல என்றால் காட்டு ஓடை. எங்களுக்கு மரம், அவர்களுக்குத் தண்ணீர். இரண்டும் ஒரே இடம்தான். மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு கோடையில் சொட்டுச் சொட்டாக விடுவது சோலை மண். பழனிப் பக்கம் பாலாறு பொருந்தலாறும் தேவதானப்பட்டிப் பக்கம் மஞ்சளாறும் இந்த மலையிலிருந்துதான் இறங்குகின்றன. எங்கள் பூண்டுப் படிகளுக்கு வரும் வாய்க்காலும் அப்படித்தான். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தங்கள் பத்திரிகை பெரிதாக எழுதியது. அந்தப் பூண்டுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வரி எழுதவில்லை.

இந்த ஷோலா எப்படி வந்தது என்பதும் தங்களுக்குத் தெரிந்ததுதான். ஆங்கிலேயர்கள் காதில் விழுந்ததைத் தங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். பழனியைப் புல்னி என்றார்கள், தூத்துக்குடியை டூட்டிகொரின் என்றார்கள், சோலையை ஷோலா என்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் வாய்க்கு அப்படித்தான் வந்தது. தூத்துக்குடியை நாம் திருப்பி வாங்கிக்கொண்டோம், இன்று எந்தத் தமிழ்ப் பத்திரிகையும் டூட்டிகொரின் என்று எழுதாது. சோலையை மட்டும் ஏன் ஷகரம் போட்டு, யாரோ கொடுத்த சொல் மாதிரி எழுதுகிறோம்? கரடிச்சோலை அருவி என்று எங்கள் அப்பா சொன்ன இடத்தை இப்போது வருகிற பிள்ளைகள் பியர் ஷோலா என்கிறார்கள். பாம்பாறு ஓரத்துச் சோலை பாம்பார் ஷோலா ஆகிவிட்டது. என் பேத்தி ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் "சோலைக்காடு" என்று எழுதியதை ஆசிரியை சிவப்பு மையால் அடித்து "ஷோலா" என்று திருத்தி ஒரு மதிப்பெண் குறைத்திருந்தார். ஏன் என்று போய்க் கேட்டேன். பத்திரிகையிலேயே அப்படித்தான் போடுகிறார்கள் என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் தங்கள் இணைப்பில் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பழைய படத்தைப் போட்டு, "வெயிலைத் தாங்கும் சோலார் தொப்பி" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் சூரியனுக்கும் சம்பந்தம் இல்லை. அது சோலா தொப்பி. சதுப்பில் வளரும் ஒரு செடியின் வெள்ளைத் தண்டில் செய்வது. அந்தச் செடிக்கு ஹிந்தியில் சோலா, வங்காளத்தில் ஷோலா. இங்கே விடுதி கட்ட வந்த வங்காளத் தம்பி ஒருவன் தன் அண்ணன் கல்யாணப் படத்தைப் போனில் காட்டினான். மாப்பிள்ளை தலையில் கூம்பாக வெள்ளைக் கிரீடம் இருந்தது. "ஷோலாவில செய்தது அம்மா" என்றான். நம் ஊரில் அதற்குப் பெயர் நெட்டி. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாடு இதே செடியில் செய்வதுதான். சோலா என்பது ஆங்கிலேயர் காதில் சோலார் என்று விழ, அவர்களே அப்படி எழுத ஆரம்பித்தார்கள். நாமும் அதைப் பிடித்துக்கொண்டோம்.

இதையெல்லாம் அப்போது இரண்டு பக்கத்துக்குக் கடிதமாக எழுதி அனுப்பினேன். நான்கு வரி போட்டீர்கள். நன்றி. ஆனால் அந்த நான்கு வரியிலும் நான் "சோலை" என்று எழுதியிருந்ததை "ஷோலா" என்று மாற்றி, கீழே என் பெயரைப் போட்டிருந்தீர்கள். ஊரில் படித்தவர்கள், "ஏக்கா, நீயுமா ஷோலான்னு எழுதுற?" என்று கேட்டார்கள். இதுவரை அதைத் தங்களிடம் சொல்லவில்லை.

என் மகள் லண்டனில் நர்ஸாக இருக்கிறாள். அவளோடு வேலை பார்க்கும் நைஜீரியப் பெண்ணின் பெயரே ஷோலாதான். யொருபா மொழிப் பெயராம். அதில் வரும் ஓலா என்பதற்குச் செல்வம், மதிப்பு என்று பொருளாம். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அரபுக்காரர்களுக்குத் தீ, வங்காளிகளுக்கு நெட்டி, யொருபாக்காரர்களுக்குப் பிள்ளையின் பெயர். அவரவர் சொல் அவரவருக்கு. ஒன்றுபோலக் கேட்கிறது என்பதற்காக ஒருவர் வீட்டுப் பிள்ளையை இன்னொருவர் வீட்டில் கொண்டுபோய் விட முடியுமா?

பெயரில் என்ன இருக்கிறது என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கக்கூடும். என் அப்பா கூலிக்கு மரக்கன்று நட்டவர். புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள். தரிசு என்று பெயர் விழுந்ததும் அங்கே வாட்டில் என்ற வெளிநாட்டு மரமும் பைனும் தைலமரமும் நட உத்தரவு வந்துவிட்டது. அப்பாவும் நட்டார். கடைசிக் காலத்தில் அந்த வாட்டில் காட்டைக் காட்டி, "இங்கதான் குறிஞ்சி பூக்கும், நானே மூடிட்டேன்" என்று அழுதிருக்கிறார். 2018-ல் குறிஞ்சி பூத்தபோது அந்தச் சரிவில் ஒரு செடி இல்லை. தப்பான ஒரு சொல்லால் என்னவெல்லாம் நடக்கும் என்பதை நான் அப்பாவின் முகத்தில் பார்த்தவள்.

நான் கேட்பது இரண்டுதான். அந்த வரி தவறு என்று வருகிற ஞாயிறு ஒரு சிறிய திருத்தம் போடுங்கள். இனி எங்கள் மலையைப் பற்றி எழுதும்போது சோலை என்றே எழுதுங்கள். ஷ-வை விட ச அச்சடிக்க மை அதிகம் ஆகாது.

இந்தக் கடிதம் நீளம் என்று தெரியும். தங்களுக்கு இடம் இல்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். நான் சோலை என்று எழுதியிருக்கும் இடத்தில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
இருபத்தாறு வருட வாசகி,
பூம்பாறை, கொடைக்கானல் வட்டம்.